பெயர் சொல்லாமல் ஒரு போர்

கிராம நிகழ்ச்சிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

இந்த மாதிரி அனுபவக் குறிப்பெல்லாம் ஓய்வு பெற்றவர்கள் எழுதுவது. எனக்கு இன்னும் ஒரு நரைகூட வரவில்லை. டெல்லியில் செய்திப் பிரிவில் நிரந்தர வேலை கிடைத்து அடுத்த வாரம் ரயில் ஏறுகிறேன். ஆனால் நம் திருச்சி வானொலி நிலையத்தில் ஆறு மாத ஒப்பந்தம், அது முடிந்தால் இன்னொரு ஆறு மாதம் என்று ஓட்டியவர்களுக்கு ஒவ்வொரு அரையாண்டும் ஓய்வு பெறும் நாள்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கலந்துரையாடலுக்குப் பிரதி எழுதுவது எப்படி என்று கேட்டீர்கள். பேசுகிறவர்கள் தாங்களாகப் பேசுவதில்லை, நாம் எழுதியதைப் பங்கு போட்டு வாசிக்கிறார்கள் என்பதைப் பார்த்து உங்களில் ஒருவருக்கு முகம் வாடியதையும் கவனித்தேன். வாட வேண்டாம். ஒருவர் மறுப்பதும், மற்றவர் விட்டுக்கொடுப்பதும், நடுவில் வரும் “அப்படியா சொல்றீங்க” என்ற வியப்பும் முன்கூட்டியே எழுதப்பட்டு, அதிகாரி பார்த்து, ஒப்பமிட்ட பிறகே காற்றில் ஏறும். என் அப்பா காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போனதும் நான் மட்டும்தான். அப்படிப்பட்டவள் எழுதியதை வக்கீல்களும் விரிவுரையாளர்களும் தொண்டையைச் செருமிக்கொண்டு தங்கள் சொந்த அறிவு மாதிரி வாசிப்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பது எனக்குச் சம்பளத்துக்கு மேல் கிடைத்த சம்பளம். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. உங்களுக்கும் இருக்க வேண்டாம்.

மைக்கை எங்கே வைப்பது, பக்கத்தைச் சத்தமில்லாமல் எப்படிப் புரட்டுவது என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது போன வருஷம் ஆகஸ்டில் நாம் ஒலிபரப்பிய போரைப் பற்றி.

அந்த மாதம்தான் ரஷ்யா தன் டாங்கிகளைப் பக்கத்து நாடான செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் அனுப்பியது. பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்தது. புத்தூர் நாலு ரோட்டில் டீ குடிக்க நின்றால்கூட இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அதே வாரம் மேலிடத்திலிருந்து நமக்கு ஒரு சுற்றறிக்கை. உலக அமைதி பற்றிய நடப்புச் சிக்கல்களைக் கிராம மக்களும் அறியும்படி கலந்துரையாடல்கள் நடத்த வேண்டும் என்றது அது. பழைய சுற்றறிக்கை ஒன்றும் உண்டு. நட்பு நாடு எதையும் குறைத்துப் பேசக் கூடாது என்பது அது. பெரிய நாடு நமக்கு நட்பு நாடு; இயந்திரமும் விமானமும் தருகிறது. சின்ன நாடும் நட்பு நாடு. கைலாசபுரத்துத் தொழிற்சாலையே அவர்கள் ஒத்துழைப்பில் வந்ததுதான். அந்த நாட்டு எஞ்சினீயர்கள் நம் ஊரிலேயே குடியிருந்தார்கள். ஆகவே போரைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். போரிடுகிறவர் யார், அடிபடுகிறவர் யார் என்று மட்டும் சொல்லக் கூடாது.

அப்போது நம் நிகழ்ச்சி அதிகாரியாக இருந்தவர் ஸ்ரீரங்கத்துக்காரர். சித்திரை வீதியிலிருந்து நெற்றியில் நாமம் கலையாமல் பஸ்ஸில் வந்து இறங்குவார். நல்ல மனுஷர். யார் மனமும் நோகக் கூடாது என்பார். அந்த ‘யார்’ என்பதில் மேலிடம் முதலில் வரும். அவர் சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பென்சில் எப்போதும் இருக்கும்.

நான் எழுதிக் கொடுத்த பிரதிக்கு ‘படையெடுப்பும் அமைதிக்கான வாய்ப்பும்’ என்று தலைப்பு. பென்சில் அங்கேயே தொடங்கியது. படையெடுப்பு ‘நுழைவு’ ஆயிற்று. நுழைவு திருட்டுத்தனமாகத் தொனிக்கிறது என்று ‘வருகை’ ஆயிற்று. வருகை என்றால் காபி கொடுத்த மாதிரி இருக்கிறதே என்று நான் சொல்ல, அந்தச் சொல்லே போய், ‘அண்டை அயலாரும் அமைதியும்’ என்று நின்றது.

“பேர் சொல்லப்படாது, அவ்வளவுதான்” என்றார். “பெரிய நாடுன்னு ஒண்ணு, சின்ன நாடுன்னு ஒண்ணு. எதுக்கு நாடு? பெரியவர், சின்னவர்னு போடு. பெரியவர்னா மரியாதையாவும் இருக்கு பாரு.”

டாங்கிகள் கவச வண்டிகள் ஆயின. கவசம் உறுத்தியதால் வெறும் வண்டிகள் ஆயின. கேட்பவர்கள் விவசாயிகள், வண்டி என்றால் மாட்டு வண்டி என்று நினைத்துக்கொள்வார்கள் என்று கடைசியில் டிராக்டர் ஆயின. சிப்பாய்கள் ‘ஆட்கள்’ ஆனார்கள். எல்லை வரப்பாயிற்று. சின்னவரின் தலைநகரத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது சின்னவரின் பம்பு செட்டைப் பிடித்துக்கொண்டார்கள் என்று மாறியது. ஐக்கிய நாடுகள் சபை பஞ்சாயத்தாயிற்று.

நான் எல்லாவற்றையும் கொடுத்தேன். ஒன்றே ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. பெரிய நாடு தன் செயலுக்குச் சொன்ன காரணம், சின்ன நாட்டுக்காரர்களே அழைத்தார்கள் என்பது. அழைத்தவர்களின் பெயரை அது கடைசிவரை சொல்லவில்லை. அதற்கு மறுப்பாக நான் எழுதியிருந்தது ஒரே ஒரு கேள்வி: ‘அழைத்தது யார்?’ அதன் மேல் பென்சில் வந்து நின்றது.

“சார், இதில் பெயரே இல்லையே” என்றேன்.

“பேரைக் கேக்கறதே. அது வம்பில்லையா?”

“கேட்பதற்குத் தடை சுற்றறிக்கையில் இல்லை, சார்.”

சுற்றறிக்கையை எடுத்து இரண்டு முறை படித்தார். இல்லைதான். பதிலுக்கு ‘பஞ்சாயத்து வேடிக்கை பார்க்கிறது’ என்ற வரியை விட்டுக்கொடுக்கச் சொன்னார். விட்டேன். சொற்களைக் கொடுத்துக் கேள்வியைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அன்றைக்கு நான் கண்டுபிடித்த தொழில் ரகசியம். அதில் எனக்கு வந்த கர்வத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பெரியவர் பக்கம் பேச ஒரு கல்லூரி விரிவுரையாளர். சின்னவர் பக்கம் பேச ஒரு புத்தூர் வக்கீல். தாழ்வாரத்தில் டீ டம்ளரோடு இரண்டு பேரும் எல்லா நாடுகளையும் தலைவர்களையும் பெயர் சொல்லி, ஒருவரையொருவர் விலைபோனவர் என்று வர்ணித்துக்கொண்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்ததும் இரண்டு சம்பந்திகள் சீர் பேசுகிற மாதிரி குரல் தழைந்தது. பெரியவர் தாமாகப் போகவில்லை, சின்னவர் வீட்டு ஆட்களே கூப்பிட்டதால் போனார், திருடர் பயத்திலிருந்து அந்த வயலைக் காப்பாற்றவே டிராக்டரை விட்டார் என்று விரிவுரையாளர் வாசித்தார். வக்கீல் ஒரு நொடி நிறுத்தி, நீதிமன்றத்தில் கேட்கிற மாதிரியே கேட்டார்: “அழைத்தது யார்?” பிரதியில் அதற்குப் பதில் இல்லை. விரிவுரையாளர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

அமைதிக்கு வாய்ப்பு உண்டா என்ற பகுதியில், சின்னவர் பணிவாக நடந்தால் உண்டு என்றார் ஒருவர். டிராக்டர் வெளியே போனால் உண்டு என்றார் மற்றவர். நல்லெண்ணம் வளர்க என்று முடிந்தது. அந்தக் கடைசி வரி நம் அதிகாரி எழுதியது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் தொட்டியத்தில் பெரிய வாழைத்தோட்டக்காரர், வெள்ளை வேட்டியும் தங்க மோதிரமுமாக. நேரே அதிகாரி அறைக்குள் வந்து, எழுதினவனைக் கூப்பிடுங்க என்றார். எழுதினவள் நான் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏம்மா, உனக்கும் எனக்கும் என்னம்மா தகராறு?”

விஷயம் இதுதான். அவர் தம் வயலை ஒட்டிய ஒரு சின்ன விவசாயியின் நிலத்துக்குள் வரப்பைத் தாண்டி டிராக்டரை விட்டு, அங்கிருந்த இளவாழையை வெட்டிச் சாய்த்து, அந்த ஆளின் பம்பு செட்டையும் பூட்டி வைத்திருந்தார். கேட்டால் அந்த ஆளின் வீட்டு மனிதர்களே கூப்பிட்டார்கள் என்று சொல்லிவந்தார். நம் நிகழ்ச்சியைத் தொட்டியம் முழுக்கப் பஞ்சாயத்து ரேடியோவின் குழாய் ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறது. மறுநாள் கடைவீதியில் அவர் தலை தெரிந்ததும் யாரோ, “அழைத்தது யார்?” என்று வக்கீல் குரலிலேயே கேட்டிருக்கிறார்கள். அதன் பிறகு ஊரே கேட்க ஆரம்பித்துவிட்டது.

நம் அதிகாரியின் பென்சில் ஒரு உலகப் போரைச் சீவிச் சீவி, அளவெடுத்த மாதிரி இந்த மனுஷரின் வயலில் கொண்டுபோய் இறக்கியிருந்தது.

“உங்களைச் சொல்லலை, சத்தியமா” என்றார் அதிகாரி.

“அப்ப அந்தப் பெரியவர் யாரு?”

அதிகாரி மின்விசிறியைப் பார்த்தார். “பொதுவாச் சொன்னது.”

“பொதுவா ஒருத்தன் வரப்பைத் தாண்டி டிராக்டரை விடுவானா? பொதுவா ஒருத்தன் பம்பு செட்டுல பூட்டுப் போடுவானா? அந்தப் பயலுக்குக் கையெழுத்தே வராது, கடுதாசி எழுதியிருக்க மாட்டான். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

ரேடியோவிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் மந்திரிக்குப் போன் போகும், எழுதின பெண் இந்தக் கட்டடத்தில் இருக்கக் கூடாது என்றார். என் அடுத்த ஆறு மாதத்துக்கான ஒப்பந்தக் காகிதம் அதே மேசையில் ஒரு கண்ணாடிக் குண்டின் கீழ் இருந்தது. அது இயக்குநர் கையெழுத்துக்கு இன்னும் மேலே போகவில்லை. அதிகாரி என்னை வெளியே அழைத்துப் போய், இவர் புகார் மேலே போனால் அது போகாதம்மா என்று வருத்தமாகச் சொன்னார். அவர் சொன்னது மிரட்டல் இல்லை, நிலவரம்.

தாழ்வாரத்தில் நின்று யோசித்தேன். மன்னிப்புக் கேட்டால், அவரைத்தான் சொன்னோம் என்று ஒப்புக்கொண்டதாகும். ரஷ்யாவைச் சொன்னோம் என்று உண்மையைச் சொன்னால் நட்பு நாட்டைக் குறைத்துப் பேசியதாகும். அதற்கும் வேலை போகும். பேசாமல் இருந்தாலும் வேலை போகும். ஒப்பந்தம் போனால் அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மார்க்கெட்டில் அவரைச் சுற்றி இருப்பவர்கள் சொல்வார்கள், படிக்க வைத்தாயே என்ன ஆச்சு என்று. அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

உள்ளே போய் அவரிடம், “உங்க பக்கத்தையும் சொல்லுங்க, ஐயா. அடுத்த வாரம் உங்களுக்கே நேரம் தரோம். பெயர் சொல்ல மாட்டோம். பெரியவரின் பதில்னு ஒலிபரப்புவோம். ஆனா எங்க வழக்கப்படி முதல்ல எழுதிக்கணும்” என்றேன்.

அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். தொட்டியத்துக்காரருக்கு மைக் என்றதும் முகம் கொஞ்சம் மலர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். திருடர் பயம், பயிர்ப் பாதுகாப்பு, அண்டை வீட்டார் மேல் அக்கறை என்று வந்துகொண்டே இருந்தது. விரிவுரையாளரின் வாசகம் வரிக்கு வரி அப்படியே. இந்த மாதிரிக் காரியங்களுக்கென்று எங்கோ ஒரே பிரதியை எழுதி எல்லோருக்கும் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. கூப்பிட்டதால் போனேன் என்ற இடம் வந்தது. பேனாவை நிறுத்தினேன்.

“யார் கூப்பிட்டதுன்னு போட்டுக்கட்டும், ஐயா?”

“அவன் மச்சான்தான்.”

“மச்சான் இப்போ எங்கே இருக்கார்?”

“என் தோட்டத்துலதான். மோட்டார் பாத்துக்கறான்.”

எழுதினேன். எழுதியதை உரக்க வாசித்தேன்: ‘சின்னவரின் மைத்துனர் அழைத்ததால் போனேன். மைத்துனர் இப்போது என் தோட்டத்தில் வேலை பார்க்கிறார்.’

தொட்டியத்துக்காரர் எட்டி என் காகிதத்தைப் பார்த்தார்.

“அதை எடுத்துடு” என்றார்.

“அதை எடுத்தா கூப்பிட்டார்ங்கறதையும் எடுக்கணும், ஐயா. இல்லாட்டி ஊர்ல மறுபடியும் அதையே கேப்பாங்க.”

கொஞ்ச நேரம் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு அவர் கேட்டதைக் கேட்டு எனக்குத் திகைப்பு. நிலம் பெரிய விஷயமில்லை, ஆட்களையும் டிராக்டரையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன், ஆனால் தோற்றுப் போனதாக இருக்கக் கூடாது, ரேடியோவில் கௌரவமாகச் சொல்ல வேண்டும் என்றார். மனசாட்சி உறுத்தியதாக எனக்குத் தோன்றவில்லை. கடைவீதியில் நடக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சமாதான உடன்படிக்கை எப்படி எழுதுவார்கள் என்று பத்திரிகையில் படித்து வியந்திருக்கிறேன். நான் அதை நம் அதிகாரியின் மேசையிலேயே எழுதினேன். அவர் ‘தாமாகவே’ என்று போடச் சொன்னார், போட்டேன். ‘பெருந்தன்மையோடு’ வேண்டும் என்றார், கொடுத்தேன். ‘நல்லுறவு கருதி’ என்பதை அதிகாரி சேர்த்தார். எதைக் கேட்டாலும் கொடுத்தேன். வரப்பு பழைய இடத்துக்கு வந்ததை எங்கள் ஆள் கண்ணால் பார்த்த பிறகுதான் ஒலிபரப்பு என்பதை மட்டும் விடவில்லை. வெட்டிய வாழைக்கு ஈடு என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். அதற்கு அவர் எழுந்துவிட்டார். அடித்துவிட்டேன். உடன்படிக்கையில் சின்னவர் பெயரும் இல்லை, அவரைக் கேட்கவும் இல்லை என்பது எழுதி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

களப்பதிவுக்குப் போகிறவர் தொட்டியம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வரப்பு நேராகிவிட்டது, பம்பு செட் ஓடுகிறது என்றார். அந்தச் சின்ன விவசாயி ஒன்றே ஒன்று கேட்டாராம், “வெட்டின மரத்துக்கு யாருங்க ரேடியோவுல கேப்பாங்க?” என்று.

வெள்ளிக்கிழமை மாலை அறிவிப்பு போயிற்று: ‘சென்ற நிகழ்ச்சியில் நாம் பேசிய பெரியவர், அண்டை வீட்டு நல்லுறவு கருதி, தம் ஆட்களையும் டிராக்டரையும் பெருந்தன்மையோடு தாமாகவே திரும்ப அழைத்துக்கொண்டார்.’ திங்கட்கிழமை தொட்டியத்திலிருந்து ஒரு பூவன் தார் வந்து இறங்கியது. அதிகாரி என் ஒப்பந்தக் காகிதத்தைக் கண்ணாடிக் குண்டின் கீழிருந்து எடுத்து மேலே அனுப்பினார். சாயங்காலம் கையெழுத்தோடு திரும்பி வந்தது. ஒரு சீப்பை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா கையில் வாங்கியதுமே, தொட்டியத்துக் காய் ஆச்சே என்றார்.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். பெயர் தேவையில்லை, கேள்வி போதும் என்று உங்களுக்கு உபதேசம் செய்துவிட்டு டெல்லிக்கு ரயில் ஏறலாம்.

மறுநாள் காலை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் இருந்த சின்ன நாட்டு எஞ்சினீயர். மற்றவர் அவர் வீட்டில் சமைக்கும் அந்தோணிசாமி. அந்தோணிசாமி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

“நம்ம ரேடியோவுலயே சொல்லிட்டாங்க, தொரை நம்ப மாட்டேங்கறாரு. நீங்களே சொல்லுங்கம்மா” என்றார். இரண்டு நிகழ்ச்சிகளையும் கேட்டிருந்தார். பேப்பர் படிக்கிறவர், ஆகவே முதல் நிகழ்ச்சியின் பெரியவர் யார் என்று அவருக்குச் சரியாகவே புரிந்திருந்தது. திருச்சியில் அதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் மிகச் சிலர். அவர்களில் அவர் ஒருவர். அதனால்தான் இரண்டாவதைக் கேட்டு, டாங்கிகள் திரும்பிப் போய்விட்டதாக நம்பிவிட்டார். மூன்று நாளாக வெளிநாட்டு ரேடியோ எதிலும் அந்தச் செய்தி இல்லை, எஞ்சினீயர் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, ஒருவேளை இந்திய அரசுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்குமோ என்று வந்திருந்தார்.

அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே அளவுக்கு நொண்டின. அவர்கள் போய்விட்டார்களா என்று கேட்டார். எந்த அவர்கள் என்று அவர் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லத் தேவையில்லை.

நம் அதிகாரி அந்த அறையில்தான் இருந்தார். வெளிநாட்டவரிடம் நட்பு நாட்டைப் பற்றி, அதுவும் அலுவலகத்தில், பேசுகிறவளோ ஒப்பந்தக்காரி. கையெழுத்துப் போட்ட காகிதத்தில் மை காய்ந்திருந்தது. அதை அடிக்கவும் ஒரு கையெழுத்துப் போதும். நான் அவரைப் பார்த்தேன். அவர் எழுந்து, “மணி என்னன்னு பாத்துட்டு வரேன்” என்று வெளியே போனார். கடிகாரம் அவர் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டியிருந்தது.

“ரஷ்யர்கள் போகவில்லை” என்றேன். “டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவில்தான் இருக்கின்றன. போனது ஒரு டிராக்டர். இங்கே, தொட்டியத்தில், ஒரு வாழைத்தோட்டத்திலிருந்து.”

அந்த இரண்டு பெயர்களையும் அந்தக் கட்டடத்துக்குள் நான் உரக்கச் சொன்னது அதுதான் முதல் முறை. அந்தோணிசாமியின் சிரிப்பு போய்விட்டது. எஞ்சினீயர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் அந்த டிராக்டர் எப்படிப் போனது என்று கேட்டார். சொன்னேன். ஒரு கேள்வியை ரேடியோவில் கேட்டோம், ஊர் முழுக்க அதைத் திருப்பிக் கேட்டது, அந்த மனுஷருக்குக் கடைவீதியில் நடக்க முடியவில்லை என்றேன்.

அவர் தலையசைத்தார். எழுந்து ஸ்டூடியோவின் கண்ணாடி வழியாக மைக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “எங்கள் தலைநகர் பிராகுக்குள் வந்தவர்களும் அதை அறிந்திருந்தார்கள். அவர்கள் முதலில் பிடிக்க வந்தது வானொலி நிலையத்தைத்தான்.”

அவர்கள் போன பிறகு அதிகாரி வந்தார். என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை. மணி பதினொன்று ஆகிறது என்று மட்டும் சொன்னார்.

அவர் இந்த வருஷம் ஓய்வு பெற்றார். போகும்போது அந்தச் சிவப்புப் பென்சிலை என்னிடம் கொடுத்து, உனக்குத் தேவைப்படும் என்றார். டாங்கிகள் நுழைந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. பெரியவர் அங்கிருந்து இன்னும் போகவில்லை. நம் ஒலிபரப்பை எத்தனையோ பேர் கேட்கிறார்கள், நம் நிலைய வாசலில் ஒருநாள்கூட டாங்கி வந்து நின்றதில்லை. நம்மைப் பிடிக்க அவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்று அந்தப் பென்சிலைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

என் மேசையின் மேல் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். முனை மழுங்கிவிட்டது. உங்களில் யார் என் நாற்காலியில் உட்காருவீர்களோ தெரியாது. அந்தப் பென்சிலைச் சீவாதீர்கள்.